கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேனிலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களுக்குக் கல்யாணம் ஆனது ஒரு தை மாதம். மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்த பத்தாம் நாள், நானும் என் கணவரும் சென்னையிலிருந்து எங்கள் காரிலேயே கிளம்பி, கடலோரமாகக் கன்னியாகுமரி வரை போய் வந்தோம். அதற்குப் பிறகும் துண்டு துண்டாக அந்த வழியில் பல முறை போய்விட்டோம். ஒவ்வொரு முகூர்த்த சீசனிலும் தங்கைகள், அத்தை மகன்கள், அலுவலகத்தில் கல்யாணம் ஆகிறவர்கள் என்று யாராவது போன் செய்து அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

"ஈசிஆர்னா சென்னையிலேருந்து பாண்டிச்சேரி வரைக்கும்தானே? அதுக்கப்புறம் ரோடு எங்க போகுது?"

நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பாண்டிச்சேரிக்குத் தெற்கே கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று சாலை போய்க்கொண்டே இருக்கிறது. பிறகு திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம். அங்கே கிழக்கே திரும்பினால் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம். தெற்கே திரும்பினால் சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரி, கன்னியாகுமரி.

ராமேஸ்வரம் போய்த் திரும்பும் தூரத்தையும் ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை அகலமான சாலை. அங்கிருந்து பாண்டிச்சேரி வரை நான்கு வழிச்சாலை வேலை நடந்து வருவதால் ஆங்காங்கே வேகம் குறையும். டெல்டாவுக்குள் நுழைந்த பிறகு பல இடங்களில் சாலை குறுகலாகிவிடும். மணிக்கு நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர் சராசரி என்று வைத்துத் திட்டம் போட்டால் ஏமாற்றம் இருக்காது.

"எத்தனை நாள் வேணும்? எங்களுக்கு மொத்தமே அஞ்சு நாள்தான் லீவு."

முழு வழிக்கும் ஒன்பது, பத்து நாள் வேண்டும். எங்கள் ஓட்டம் ஏறக்குறைய இப்படி இருந்தது: முதல் நாள் மாமல்லபுரம், அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டாம் நாள் பாண்டிச்சேரி. மூன்றாம் நாள் பிச்சாவரம் பார்த்துவிட்டுத் தரங்கம்பாடி, அங்கே இரண்டு இரவு. பிறகு நாகூர் பார்த்துவிட்டு வேளாங்கண்ணியில் ஓர் இரவு. அங்கிருந்து ராமேஸ்வரம், சுமார் 250 கிலோமீட்டர், இதுதான் இந்த வழியிலேயே நீளமான நாள். ராமேஸ்வரத்தில் இரண்டு இரவு, திருச்செந்தூரில் ஒன்று, கடைசியாகக் கன்னியாகுமரி.

ஐந்து நாள்தான் இருக்கிறது என்றால் தயவுசெய்து கன்னியாகுமரி வரை இழுக்காதீர்கள். மாமல்லபுரம், பாண்டிச்சேரி, தரங்கம்பாடி என்று வடக்குப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தென் மாவட்டத்துக்காரர்கள் தூத்துக்குடியிலிருந்து தொடங்கி ராமேஸ்வரம் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் திருச்செந்தூர், மணப்பாடு, கன்னியாகுமரி என்று போகலாம். நான் எல்லோரிடமும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: நூறு ஊர் பார்க்க ஆயுசு முழுக்க நேரம் இருக்கிறது, இப்போது ஓர் ஊரில் இரண்டு பேரும் சும்மா உட்கார நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

"எந்த மாசம் நல்லது?"

கல்யாணம் எந்த மாதமோ, அதை ஒட்டித்தான் பெரும்பாலும் கிளம்ப முடியும். அதனால் மாதவாரியாகவே சொல்லிவிடுகிறேன்.

தை, மாசி கல்யாணம் என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, டெல்டாவில் அறுவடை நடந்துகொண்டிருக்கும், கோடியக்கரையில் வலசைப் பறவைகள் இருக்கும். பங்குனியும் தாங்கும். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பதரைக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது, அதிலும் மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். அந்த மாதங்களில் போனால் விடிகாலையிலும் மாலையிலும் கடற்கரை, பகலில் ஏசி ரூம் என்று அமைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணியில் போகிறவர்கள் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா என்பதை மறக்க வேண்டாம். அந்த நாட்களில் ரூம் கிடைக்காது, சாலை முழுக்கப் பாதயாத்திரைக்காரர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையும் புயலும் வந்து இறங்குவது இங்கேதான். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூர், புதுச்சேரியைப் புரட்டிப் போட்டது. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறித் தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்தது. அந்த மாதங்களில் கல்யாணம் என்றால் தை பிறக்கும் வரை காத்திருந்து போவதில் தப்பே இல்லை.

"சென்னையிலேருந்து தெற்கே போகணுமா, கன்னியாகுமரியிலேருந்து வடக்கே வரணுமா?"

தெற்கே போங்கள். நாம் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம், தெற்கே போகும்போது கடலும் இடது பக்கம். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் இருப்பவருக்குக் கடல் ஜன்னல். கடற்கரைக்குப் போகும் சந்து தென்பட்டால் எதிரே வரும் வண்டிகளை வெட்டிக் கடக்காமல் அப்படியே இடதில் திரும்பிவிடலாம். வடக்கே வந்தால் ஒவ்வொரு முறையும் லாரி, பஸ்ஸுக்குக் காத்திருந்து வலதில் திரும்ப வேண்டும். அந்தச் சலிப்பிலேயே பாதி இடங்களில் நிறுத்தாமல் போய்விடுவோம்.

"வழி பூரா கடல் தெரியுமா? ரீல்ஸ்ல பார்த்தா அப்படித்தான் இருக்கு."

தெரியாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பல இடங்களில் கடல் சாலையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும். நடுவே சவுக்குத் தோப்பு, உப்பளம், மீனவர் குடியிருப்பு, இறால் பண்ணை. முட்டுக்காடு பாலம், மரக்காணம் உப்பளங்கள், பாம்பன் பாலம், தனுஷ்கோடிச் சாலை, இந்த மாதிரி சில இடங்களில்தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே தண்ணீர் தெரியும். மற்ற இடங்களில் வண்டியைத் திருப்பி உள்ளே போக வேண்டும். போன கேள்வியில் இடது பக்கச் சந்துகளைப் பற்றிச் சொன்னது இதனால்தான்.

அப்படி உள்ளே போனவற்றில் எனக்குப் பிடித்தது ஆலம்பரைக் கோட்டை. மாமல்லபுரத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே, கடப்பாக்கத்தில் திரும்ப வேண்டும். இடிந்த செங்கல் சுவர், அதை ஒட்டிக் கழிமுகத் தண்ணீர், அக்கரையில் ஒரு மணல் திட்டு, அதற்கப்பால் கடல். காலையில் போனால் வலை உலர்த்துகிறவர்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். இன்னொன்று மனோரா. அதிராம்பட்டினம் தாண்டி மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு மாடிக் கோபுரம். தஞ்சாவூர் ராஜா ஐரோப்பாவில் நடந்த சண்டைக்காக இங்கே, பாக் நீரிணையின் கரையில், கோபுரம் எழுப்பியிருக்கிறார். மண்டபம் வரை நீளும் அந்தப் பக்கக் கடல் சேறு கலந்து ஏரி மாதிரி கிடக்கும், அலை எதிர்பார்க்காதீர்கள்.

"தங்குறதுக்கு எந்த ஊர் ரொமான்டிக்கா இருக்கும்? பாண்டிச்சேரிதானே?"

பாண்டிச்சேரி நன்றாகத்தான் இருக்கும். கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகளை விடமாட்டார்கள், இரண்டு பேரும் கைகோத்து நடக்க அது போதும். பிரெஞ்சுத் தெருக்களில் காலை ஏழு மணிக்கு நடந்து பாருங்கள், மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் உங்களுக்கு மட்டும் என்று இருக்கும். ஆனால் வெள்ளி, சனி இரவுகளைத் தவிருங்கள். வாடகையும் கூட்டமும் இரண்டு மடங்காகிவிடும்.

என்னைக் கேட்டால் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை மணலிலேயே நிற்கிறது. 1845 வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கியதும், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்ததும் இங்கேதான். கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில், பதினான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. ஊர் மொத்தமும் நடந்தே பார்த்துவிடலாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் தெருவில் அரவமே இருக்காது. நாங்கள் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தோம். ஓர் அலை கல்லில் மோதி, தண்ணீர் கற்களின் இடுக்கு வழியாகச் சலசலவென்று இறங்கி முடிக்கும், அதற்குள் அடுத்தது வந்துவிடும். பேச ஆரம்பித்து மணி இரண்டாகிவிட்டது. கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து அவ்வளவு நேரம் நாங்கள் தனியாகப் பேசியதில்லை.

தரங்கம்பாடிக்குப் பக்கத்திலேயே திருக்கடையூர். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் தினமும் வருகிற கோயில். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்துத்தான் போனோம். ஒரு தாத்தாவுக்குத் தாலி முடிச்சுப் போட வரவில்லை, கை நடுங்கியது. பாட்டி பின்னங்கழுத்து முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, "அவசரமில்ல, மெதுவாப் போடுங்க" என்றார். மகளும் மருமகளும் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். என் கணவர் அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரூம்ல கல்யாண சர்டிஃபிகேட் கேப்பாங்களா? ஆதார்ல இன்னும் அப்பா வீட்டு அட்ரஸ்தான் இருக்கு."

இரண்டு பேருடைய அடையாள அட்டையும் கட்டாயம் வேண்டும். முகவரி வேறாக இருப்பது ஒரு பிரச்சினையே இல்லை, கல்யாணம் ஆன மறு வாரமே யாரும் ஆதாரை மாற்றிவிடுவதில்லை. எங்களிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. கோயில் ஊர்களில் சில சிறிய லாட்ஜ்களில் மட்டும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். போனில் கல்யாணப் பத்திரிகையின் படம் ஒன்று வைத்துக்கொண்டால் பேச்சு வளராது.

"பாண்டியில பாட்டில் வாங்கி வண்டில வச்சுக்கலாமா?"

வேண்டாம். புதுச்சேரி மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். எல்லைச் சாவடிகளில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். பாண்டியை விட்டுக் கடலூருக்குள் நுழையும்போது ஒரு எல்லை, காரைக்காலும் புதுச்சேரியைச் சேர்ந்ததால் அதை விட்டு வெளியே வரும்போது இன்னொரு எல்லை. தேனிலவில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்காரும் நிலை யாருக்கும் வரக்கூடாது. பெட்ரோல் மட்டும் அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள், தமிழ்நாட்டைவிட விலை குறைவு.

"சொந்தக் கார் இல்ல. செல்ஃப் டிரைவ் எடுக்கலாமா, இல்ல டிரைவர் வச்சுக்கலாமா?"

தனிமை வேண்டும் என்றுதான் இந்தப் பயணம், அதனால் செல்ஃப் டிரைவ் என்றே சொல்வேன். எடுக்கும்போது நான்கு பக்கமும், சக்கரங்களையும், கீறல்களையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு இருந்தால் மொத்தத்தையும் முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள். எங்கள் சித்தி மகள் ஓர் இடத்தில் எடுத்த வண்டியில் வைப்பர் வேலை செய்யவில்லை. தை மாதத்து விடிகாலைப் பனியில் கண்ணாடியைத் துணியால் துடைத்துத் துடைத்தே கடலூர் வரை போனார்கள்.

இரண்டு பேருக்குமே நீண்ட தூரம் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் துண்டு துண்டாகப் போகலாம். பாண்டிச்சேரி வரை பஸ், அங்கே வாடகை ஸ்கூட்டர். பிறகு சிதம்பரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயில், அங்கே தனுஷ்கோடிக்கு ஆட்டோ. அதுவும் நல்ல பயணம்தான்.

"அவர் மட்டும்தான் ஓட்டணுமா? எனக்கும் லைசென்ஸ் இருக்கு, ஆனா வீட்ல கார் தர மாட்டாங்க."

இந்தக் கேள்வியைக் கேட்டவள் என் தோழியின் தங்கை. நீதான் ஓட்ட வேண்டும் என்றேன். கூட்டம் குறைந்த துண்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள்: தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை, அல்லது சாயல்குடி முதல் வேம்பார் வரை. நான் முதன்முதலில் நெடுஞ்சாலையில் ஓட்டியது அந்த வேம்பார்ச் சாலையில்தான். இரண்டு பக்கமும் பனை, உடைமரம், நடுவில் நேராக ஒரு கறுப்புக் கோடு. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவைகூட "பிரேக்" என்று கத்தவில்லை. அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போன இடம் அதுதான்.

"நைட்ல ஓட்டினா டிராஃபிக் இருக்காதே?"

இருட்டிய பிறகு வேண்டாம். வெளிச்சமில்லாத வளைவுகளில் மாடு படுத்திருக்கும். மீன் லாரிகளிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரில் சாலை வழுக்கும். தை, மாசியில் டெல்டாவில் அறுவடையான நெல்லைச் சாலையிலேயே பாதி அகலத்துக்குக் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். பகலில் தெரியும், ராத்திரி தெரியாது. தைப்பூசத்தை ஒட்டித் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களும் இரவில்தான் அதிகம் நடப்பார்கள்.

ஆறு மணிக்குள் ரூம் என்பதை ஒரு கட்டாயமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பதிலில் சொன்ன ஓட்டத்தில் போனால் இது தானாகவே நடந்துவிடும்.

"வழியில டாய்லெட் எப்படி? எனக்கு அந்தத் தேதி வேற இடிக்குது."

இதைக் கேட்கக் கூச்சப்பட்டு ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் அனுப்புகிறார்கள். கூச்சமே வேண்டாம். பாண்டிச்சேரி வரை கவலையில்லை. அதற்குத் தெற்கே பெரிய பெட்ரோல் பங்க்குகளையும், சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம் போன்ற ஊர்களில் இருக்கும் பெரிய சைவ ஓட்டல்களையும் நம்பலாம். திருத்துறைப்பூண்டி தாண்டினால் ராமநாதபுரம் வரை சுத்தமான இடங்கள் குறைவு. அந்த நீண்ட நாளில் கிளம்பும் முன்பும், வழியில் எந்த நல்ல ஓட்டலைப் பார்த்தாலும் போய்விடுங்கள். பேப்பர் சோப்பு, செய்தித்தாள், மூடி போட்ட ஒரு பை வண்டியில் இருக்கட்டும்.

தேதி இடித்தால் மாத்திரை போட்டுத் தள்ளி வைப்பதைவிட, பயணத்தைத் தள்ளி வைப்பது எளிது. அது முடியாவிட்டால் அந்த இரண்டு நாளைத் தரங்கம்பாடியிலோ பாண்டிச்சேரியிலோ ஓய்வு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். கணவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

"ராமேஸ்வரம் பித்ரு காரியத்துக்குப் போற ஊராச்சே, ஹனிமூனுக்கா போவாங்கன்னு பாட்டி கேக்கறாங்க."

பாட்டியிடம் தலபுராணத்தையே சொல்லுங்கள். சீதை மணலில் பிடித்த லிங்கத்தை, ராமரும் சீதையும் சேர்ந்து பூஜித்த ஊர். புருஷனும் பெண்டாட்டியுமாகப் போவதற்கு அதைவிடப் பொருத்தமான கோயில் எது? கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் நின்று ஒரு கோடியிலிருந்து மறு கோடியைப் பாருங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டுமா என்பதை உங்கள் வீட்டு வழக்கப்படி முடிவு செய்யுங்கள். ஆடுவதாக இருந்தால் விடிகாலையில், வார நாளில்.

போகும் வழியில் பாம்பன். 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் போகும்போது பக்கத்தில், 1914ஆம் வருடத்துப் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம் தெரியும். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், காற்றும் பஸ்களும் பொல்லாதவை.

"தனுஷ்கோடியில சன்செட் பார்த்துட்டு இருட்டினப்புறம் வரலாமா?"

இருட்டுவதற்கு முன்பே போலீஸ் எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள். அதனால் விடிகாலையில் போங்கள், சாவடி திறந்தவுடன். கூட்டமும் வெயிலும் வருவதற்குள் இரண்டு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும். 2017இல் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கும் வரை இங்கே மணலில் ஜீப்பிலும் வேனிலும்தான் வர வேண்டியிருந்தது.

சாலையின் இரு புறமும் கடல். வடக்கே பாக் நீரிணை அமைதியாகக் கிடக்கும், அதைப் பெண் கடல் என்கிறார்கள். தெற்கே மன்னார் வளைகுடா அலையடிக்கும், அது ஆண் கடல். முனையில் இரண்டும் சேர்கின்றன. நாங்கள் நின்ற அன்று ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் கருநீலம், நடுவில் நுரை மட்டும் வளைந்து வளைந்து போனது.

திரும்பும்போது பழைய ஊரில் இறங்குங்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரும் போனது, பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு அப்படியே போனது. தேவாலயத்தின் பவளக்கல் சுவர்களும் ரயில்வே கட்டடங்களின் மிச்சமும் நிற்கின்றன. மனிதர்கள் செத்த இடம், சுவர் மேல் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம். அங்கே சிப்பி மாலை விற்கும் பெண்களிடம் வாங்குங்கள், பேரம் பேசாமல்.

"கடல்ல குளிக்கலாமா? தாலியோட இறங்கலாமா?"

அரிச்சல்முனையில் இறங்கவே கூடாது. கரையை விட்டு இரண்டடி போனாலே ஆழமும் இழுப்பும் இருக்கிறது. மாமல்லபுரம் கடற்கரைக்கோயில் பக்கமும் பாறைகளுக்கிடையே இழுக்கும். எந்த ஊரானாலும் அங்கே இருக்கும் மீனவரிடம் "இங்க இறங்கலாமாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் அலை குறைவு, அங்கே முழங்கால் அளவில் பயமில்லாமல் நிற்கலாம்.

தாலியைப் பொறுத்தவரை, பிரித்துக் கோர்க்கும் சடங்கு முடியும் வரை மஞ்சள் கயிறுதான் இருக்கும். உப்புத் தண்ணீரில் நனைந்து, ஈரத்தோடேயே இருந்தால் கயிறு கழுத்தை அறுக்கும், முடிச்சும் தளரும். நல்ல தண்ணீரில் அலசி, மஞ்சள் பூசி உலர்த்திக்கொள்ளுங்கள். மற்ற நகைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மோதிரத்தை அலை உருவிக்கொண்டு போனால் தேட வழியே இல்லை.

"சாப்பாட்டுக்கு என்ன ஸ்பெஷல்?"

கடலூர், பரங்கிப்பேட்டைப் பக்கம் நண்டு. நாகூரில் தர்கா வாசலில் சாயங்காலம் சுடச்சுட வாடா, மேலே ஒரு இறாலைப் பதித்துப் பொரித்துத் தருவார்கள். கீழக்கரைக்குள் திரும்ப நேரமிருந்தால் தொதல். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டியது, கையில் ஒட்டும், சின்னத் துண்டு போதும். தூத்துக்குடியில் மக்ரூன், முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்வது. அதை டப்பாவில் காற்றுப் புகாமல் வையுங்கள், எங்களுடையது கடற்காற்றில் ஒரே ராத்திரியில் பிசுபிசுத்துப் போனது. உடன்குடியில் கருப்பட்டி வாங்கி இரண்டு வீட்டுக்கும் கொடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வைகாசியில் போகிறவர்களுக்கு நாட்டுப்படகு மீன்தான், விலையும் கூடுதல். பெரிய மீன் என்று எதையாவது கொண்டு வந்து வைத்தால் என்று பிடித்தது என்று கேளுங்கள்.

"அம்மா, அத்தை எல்லாம் 'நாங்களும் வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் வர்றோம், வண்டில எடம் இருக்கே'ன்றாங்க. எப்படி சொல்றது?"

இது நிஜமாகவே வருகிற சிக்கல். நேரடியாக மறுத்தால் கல்யாணம் ஆன மாதமே மனஸ்தாபம். என் மாமியார் கேட்டபோது என் கணவர், "அடுத்த மாசம் உங்களைத் தனியா கூட்டிட்டுப் போறேன்மா, தேதி இப்பவே சொல்லுங்க" என்றார். தேதியைக் காலண்டரில் குறித்தார், சொன்னபடி கூட்டிக்கொண்டும் போனார். இதைச் சொல்ல வேண்டியது மகன்தான், மருமகள் வாயால் வரக்கூடாது. பெண் வீட்டில் கேட்டால் பெண் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஊரிலிருந்தும் போன் செய்து, வாங்கிய பிரசாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அவர்களுக்கு அது போதும்.

"வழியிலேயே சண்டை வந்துட்டா?"

வரும். எங்களுக்கும் வந்தது. வேளாங்கண்ணியிலிருந்து ராமேஸ்வரம் போகும் நீண்ட நாளில் கோடியக்கரையையும் சேர்த்துவிடலாம் என்று பிடிவாதம் பிடித்தது நான். வெளிமான் பார்த்தோம், பூநாரைகளைத் தூரத்தில் ஒரு ரோஜா நிறக் கோடாகப் பார்த்தோம். ஆனால் முத்துப்பேட்டையைத் தொடும்போதே மணி மூன்று, மதியச் சாப்பாடு இல்லை. யார் திட்டம் போட்டது என்பதில் ஆரம்பித்து, தொண்டி வரை இரண்டு பேரும் பேசவில்லை. அங்கே ஒரு டீக்கடையில் நிறுத்தி, பருப்பு வடையைப் பிட்டு என் பக்கம் நீட்டி, "நாளைக்கு எங்கேயும் போக வேண்டாம்" என்றார். மறுநாள் மதியம் வரை ரூமை விட்டு வெளியே வரவில்லை. எங்கள் பயணத்தில் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த நாள்தான்.

எனவே, கோடியக்கரை வேண்டுமென்றால் வேளாங்கண்ணியில் ஒரு இரவு கூட்டிக்கொள்ளுங்கள். பசி வருவதற்கு முன் சாப்பிடுங்கள். சண்டையை அன்றிரவு வீட்டுக்குப் போன் செய்து சொல்லாதீர்கள்.

"திருச்செந்தூர் தாண்டி என்ன இருக்கு? நேரா கன்னியாகுமரி போயிடலாமா?"

அந்தத் தொண்ணூறு கிலோமீட்டரை அவசரமாகத் தாண்டாதீர்கள். மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை. ஒரு புறம் அமைதியான கழி, மறு புறம் அலை. குதிரைமொழித் தேரியில் சிவப்பு மணல் கண்ணுக்கெட்டும் தூரம் வரை மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். சாயங்கால வெயிலில் போங்கள், வண்டியை மட்டும் மணலில் இறக்கிவிடாதீர்கள்.

கன்னியாகுமரியில் தை, மாசி என்றால் சூரியன் கடலிலேயே எழுந்து கடலிலேயே இறங்குவதைப் பார்க்கலாம். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம் இருக்கிறது. படகு வரிசை நீளமாக இருக்கும், காலையிலேயே போய் நில்லுங்கள்.

"திரும்ப அதே வழியிலதான் வரணுமா?"

தேவையில்லை. கன்னியாகுமரியிலிருந்து திருநெல்வேலி, மதுரை, திருச்சி வழியாகச் சென்னைக்கு நான்கு வழிச்சாலை, சுமார் 700 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்டாமல் மதுரையிலோ திருச்சியிலோ ஓர் இரவு தங்குங்கள். ஊருக்கு வந்த மறுநாளே வண்டியை வாட்டர் வாஷுக்கு விட்டு, அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். உப்புக்காற்றும் தனுஷ்கோடி மணலும் அடியில் ஒட்டியிருக்கும், விட்டுவிட்டால் துரு ஏறும். கால் மிதியை மட்டும் வீட்டிலேயே எடுத்து உதறுங்கள். எங்களுடையதில் கைநிறையச் சிப்பி இருந்தது, ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்திருக்கிறோம்.